சொந்த ரத்தமே மருந்து

நோயாளியின் வெள்ளை அணுக்களையே ரத்தப் புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பிவிடும் சிகிச்சையை மும்பையும் வேலூரும் பத்தில் ஒரு பங்கு செலவில் சாதித்துக் காட்டியிருக்கின்றன. ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கு எத்தனை பேருக்கு எட்டும்?

பார்ப்பதற்கு ஒன்றும் பிரமாதமாக இல்லை. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் பை. அதற்குள் சற்றே கலங்கிய திரவம், ஒரு டம்ளர்கூடத் தேறாது. திரவ நைட்ரஜனின் குளிரில் உறைந்த நிலையில், மூடியைத் திறந்தால் வெண்புகை கக்கும் உலோகக் கலத்தில் அது வார்டுக்கு வந்து சேர்கிறது. வெதுவெதுப்பான நீரில் வைத்து உருக்குகிறார்கள். பையின் மேலுள்ள பெயரையும் எண்ணையும் நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையோடு இரண்டு பேர் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒருவர் பை இன்னொருவருக்குப் போய்விட்டால் விபரீதம். காரணம், பைக்குள் இருப்பது அந்த ஒரு நபருக்காக, அந்த ஒரு நபரின் ரத்தத்திலிருந்தே தயாரான மருந்து. பிறகு குழாய் வழியாக அது ரத்தத்தில் இறங்குகிறது. சில நிமிடங்களில் பை காலி.

கார்-டி செல் சிகிச்சை என்று பெயர். அமெரிக்காவில் 2017ல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது ஒரு பைக்கு வைத்த விலை 4,75,000 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் ரூ. 3 கோடி. மருத்துவமனைச் செலவு தனி. ஆறு ஆண்டுகள் கழித்து, 2023 அக்டோபரில், மும்பை ஐ.ஐ.டி.யின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த நெக்ஸ்கார்19 என்ற இந்தியத் தயாரிப்புக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. 2024 ஏப்ரல் 4 அன்று ஜனாதிபதி திரௌபதி முர்மு ஐ.ஐ.டி. வளாகத்துக்கே வந்து அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். விலை ரூ. 30 லட்சத்திலிருந்து 40 லட்சத்துக்குச் சற்று மேல் வரை என்றார்கள். உலக விலையில் பத்தில் ஒரு பங்கு.

விஞ்ஞானிகளுக்கு இது சாதனை. ஆனால் மும்பை பரேலில், டாட்டா நினைவு மருத்துவமனைக்கு வெளியே நடைபாதையில் மூட்டை முடிச்சுகளோடு நாள் கணக்கில் காத்துக் கிடக்கும் பீகார், உத்தரப் பிரதேசக் குடும்பங்களுக்கு ரூ. 3 கோடிக்கும் ரூ. 30 லட்சத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுமே அவர்கள் கண்ணால் காணாத தொகை.

திருடன் வீட்டுக்காரன் வேஷத்தில்

மனித உடலில் போலீஸ் வேலை பார்ப்பவை வெள்ளை அணுக்கள். அவற்றில் டி செல் என்ற ரகம்தான் நேரடியாகச் சண்டை போடுவது. வைரஸ் புகுந்த செல்லைக் கண்டுபிடித்து, அதோடு ஒட்டிக்கொண்டு, அதன் சுவரில் துளை போட்டு, உள்ளே நச்சுப் புரதங்களைச் செலுத்திக் கொன்றுவிட்டு அடுத்ததைத் தேடிப் போகும்.

அப்படிப்பட்ட காவலர்கள் இருக்கும்போது புற்றுநோய் எப்படித் தலைதூக்குகிறது? அது வெளியிலிருந்து வரும் கிருமி அல்ல. உடலின் சொந்த செல்தான் கட்டுப்பாடு இழந்து பெருகுகிறது. திருடன் வீட்டுக்காரன் வேஷத்திலேயே நடமாடுகிறான். டி செல் பக்கத்தில் வந்தாலும் நம் ஆள்தான் என்று விட்டுவிடுகிறது. அந்த வேஷத்தைக் கலைக்க விஞ்ஞானிகள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக முயன்று வந்திருக்கிறார்கள். நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர் 1890களிலேயே புற்றுநோயாளிகளுக்கு பாக்டீரியாக்களை ஊசி மூலம் செலுத்தி, உடலின் எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவிடப் பார்த்தார். சிலருக்குக் கட்டி கரைந்தது. ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை.

சரியான சாவியைச் செய்தவர் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜெலிக் எஷார். எதிரியை அடையாளம் காண்பதில் கெட்டிக்காரப் புரதம் ஆன்டிபாடி. கொல்வதில் கெட்டிக்காரன் டி செல். முன்னதன் மூக்கை எடுத்துப் பின்னதன் உடம்பில் பொருத்தினால் என்ன? 1989ல் எஷாரும் அவருடைய குழுவினரும் இதைச் செய்து காட்டினார்கள். வெவ்வேறு பிராணிகளின் உறுப்புகள் சேர்ந்த புராண மிருகத்தின் பெயரால் இந்தச் செயற்கை உணரிக்கு கைமெரிக் ஆன்டிஜென் ரிசப்டர் என்று பெயர் வந்தது. அதன் சுருக்கம்தான் கார்.

அடுத்த கேள்வி, எதைக் குறி வைப்பது? புற்றுநோய் செல்லில் இருந்து, மற்ற செல்களில் இல்லாத ஓர் அடையாளம் வேண்டும். முழுமையாக அப்படி எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு சமரசம். பி செல் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுவின் மேற்பரப்பில் சிடி19 என்ற புரதம் இருக்கிறது. சில வகை ரத்தப் புற்றுநோய்களும் நிணநீர்ப் புற்றுநோய்களும் இந்த பி செல்கள் கெட்டுப்போவதால் வருபவை. சிடி19ஐக் குறி வைத்தால் கெட்டவற்றோடு நல்ல பி செல்களும் அழியும். மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்துவது போலத்தான். ஆனால் பி செல் இல்லாமலும் மனிதன் வாழ முடியும். அவை உற்பத்தி செய்யும் ஆன்டிபாடிகளை வெளியிலிருந்து ஊசியாகக் கொடுத்துச் சமாளிக்கலாம். இதயத்தையோ கல்லீரலையோ அப்படி இழக்க முடியாது. இந்தச் சிகிச்சை ரத்தப் புற்றுநோயில் ஜெயித்ததற்கும் மற்ற இடங்களில் இன்னும் திணறுவதற்கும் இதுவே காரணம்.

ஏழாவது பிறந்த நாள்

இது நிஜ மனிதர்களிடம் பலிக்கும் என்பதை உலகுக்குக் காட்டியவள் ஒரு சிறுமி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த எமிலி ஒயிட்ஹெட். அவளுக்கு வந்தது குழந்தைகளிடம் மிக அதிகமாகக் காணப்படும் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லூக்கேமியா. பெரும்பாலான குழந்தைகள் கீமோதெரபியிலேயே குணமாகிவிடுவார்கள். எமிலிக்கு நோய் இரண்டு முறை திரும்பி வந்தது. கைவசம் வேறு மருந்து இல்லை.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கார்ல் ஜூன் 2010லேயே வயது வந்த சில நோயாளிகளுக்கு மாற்றியமைத்த டி செல்களைச் செலுத்தியிருந்தார். குழந்தைகளுக்குக் கொடுத்ததில்லை. 2012 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில், ஆறு வயது எமிலி முதல் குழந்தையானாள். சில நாட்களில் கடும் காய்ச்சல். ரத்த அழுத்தம் சரிந்தது. வென்டிலேட்டரில் வைத்தார்கள். பிழைக்க மாட்டாள் என்றே பலரும் நினைத்தார்கள்.

நடந்தது இதுதான். டி செல்கள் எதிரியைக் கண்டுகொண்டு பெருகிப் போரில் இறங்கிவிட்டன. போர் மூளும்போது அவை வெளியிடும் சைட்டோகைன் என்ற ரசாயன சமிக்ஞைகள் வெள்ளமாகப் பெருகி உடலையே மூழ்கடித்தன. ரத்தப் பரிசோதனையில் ஐ.எல்-6 என்ற ஒரு சைட்டோகைன் தாறுமாறாக எகிறியிருந்தது தெரிந்தது. கார்ல் ஜூனின் மகளுக்குச் சிறு வயது மூட்டுவாதம் உண்டு. அந்த நோய்க்கான டோசிலிசுமாப் என்ற மருந்து ஐ.எல்-6ஐத் தடுக்கும் என்பது தகப்பன் என்ற முறையில் அவருக்குத் தெரிந்திருந்தது. புற்றுநோய்க்குச் சம்பந்தமே இல்லாத அந்த மருந்தைக் கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. எமிலி மயக்கம் தெளிந்து கண் விழித்த நாள் அவளுடைய ஏழாவது பிறந்த நாள். புற்றுநோய் இருந்த சுவடே இல்லை. 2022ல் பத்து ஆண்டுகளைக் கடந்த அவர், அடுத்த ஆண்டு அதே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்தார்.

இன்று இந்தச் சிகிச்சை நடக்கும் எல்லா வார்டுகளிலும் டோசிலிசுமாப் தயாராக இருக்கும். இன்னொரு வினோதமான வழக்கமும் உண்டு. சிலருக்கு மூளையும் பாதிக்கப்பட்டுப் பேச்சு குழறும், நினைவு தடுமாறும். அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க, தினமும் நோயாளியிடம் ஒரு தாளைக் கொடுத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்கிறார்கள். நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்கிறார்கள். நேற்று நேராக இருந்த கையெழுத்து இன்று கோணினால் டாக்டர்கள் ஓடி வருவார்கள்.

ஐ.ஐ.டி.யும் ஆஸ்பத்திரியும்

அமெரிக்காவில் இந்தப் புரட்சி நடந்துகொண்டிருந்தபோது ராகுல் புர்வார் ஹார்வர்டில் டி செல் ஆராய்ச்சி முடித்து 2013ல் மும்பை ஐ.ஐ.டி.க்கு வந்து சேர்ந்தார். இந்தியாவில் கார்-டி செல்லைத் தயாரிக்க வேண்டும் என்பது அவர் திட்டம். அனுபவம் உள்ளவர்கள் நாட்டிலேயே அநேகமாக இல்லை. பொறியியல் கல்லூரியில் நோயாளியும் கிடையாது. நோயாளிகளுக்குக் குறைவில்லாத டாட்டா நினைவு மருத்துவமனையில், மருந்துக்கு அடங்காமல் திரும்பி வரும் ரத்தப் புற்றுநோயோடு மல்லாடிக்கொண்டிருந்தவர் குழந்தைகள் புற்றுநோய் நிபுணர் கவுரவ் நருலா. இருவரும் கைகோர்த்தார்கள். பெரியவர்களுக்கான சோதனையைப் பின்னர் டாட்டாவின் ஹஸ்முக் ஜெயின் நடத்தினார். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்க் கழக விஞ்ஞானிகள் ஆலோசனை வழங்கினார்கள்.

அமெரிக்க மருந்தை அப்படியே நகல் எடுக்கவில்லை. அங்கே எதிரியை அடையாளம் காணும் பகுதி சுண்டெலியின் ஆன்டிபாடியிலிருந்து எடுக்கப்பட்டது. மும்பைக் குழு அதை மனிதப் புரதத்தை ஒத்திருக்கும்படி மாற்றியமைத்தது. நோயாளியின் உடல் அதை அந்நியப் பொருளாக நினைத்து எதிர்க்காது என்பது எதிர்பார்ப்பு. ஆய்வுக்கூடச் சோதனைகளில் இந்த செல்கள் புற்றுநோயைக் கொன்றன. அதே சமயம் சைட்டோகைன்களைக் குறைவாகவே வெளியிட்டன. தீவிர சிகிச்சைப் படுக்கைகளுக்குத் தட்டுப்பாடு உள்ள நாட்டில் இது சின்ன விஷயம் அல்ல.

மத்திய அரசின் பயோடெக்னாலஜி துறை ரூ. 19.15 கோடி கொடுத்தது. இம்யூனோஆக்ட் என்ற நிறுவனம் ஐ.ஐ.டி.யிலிருந்தே முளைத்தது. 2021 ஜூனில், கோவிட் இரண்டாம் அலை ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த நேரத்தில், நவி மும்பை கார்கரில் உள்ள டாட்டாவின் ஆய்வு மையத்தில் முதல் நோயாளிக்கு செல்கள் செலுத்தப்பட்டன.

மருந்து தயாராகும் விதம் மாத்திரைத் தொழிற்சாலைக்கு நேர் எதிர். முதலில் நோயாளியை ஓர் இயந்திரத்தோடு இணைத்து, சில மணி நேரம் ரத்தத்தைச் சுற்றவிட்டு வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் அவற்றிலிருந்து டி செல்களைத் தேர்ந்தெடுத்துத் தூண்டிவிடுகிறார்கள். புதிய உணரியைச் செய்வதற்கான ஜீனை உள்ளே கொண்டுபோக ஒரு வாகனம் வேண்டும். அதற்குப் பயன்படுவது எய்ட்ஸ் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த, நோய் உண்டாக்கும் பற்கள் பிடுங்கப்பட்ட வைரஸ். ஜீன் ஏறிய செல்களைப் போஷாக்குத் திரவத்தில் கோடிக்கணக்கில் பெருக வைத்து, கிருமி கலந்திருக்கிறதா என்று சோதித்து, உறைய வைக்கிறார்கள். இதற்கிடையில் நோயாளிக்கு மூன்று நாள் மிதமான கீமோதெரபி. பழைய டி செல்களைக் குறைத்து, வரப்போகிற படைக்கு இடம் ஒதுக்குவதற்காக.

அந்த வைரஸ் வாகனம்தான் செலவில் பெரிய கொள்ளை. அமெரிக்காவில் 50 நோயாளிகளுக்கு வேண்டிய அளவு வாங்க 8 லட்சம் டாலர் வரை ஆகலாம். மும்பையில் அதைத் தாங்களே தயாரித்துக்கொண்டார்கள். செல்களைப் பெருக்க விலையுயர்ந்த தானியங்கி இயந்திரங்களைத் தவிர்த்து மாற்று வழி கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் ஆள் சம்பளமும் குறைவு. விலை இறங்கிய ரகசியம் இவ்வளவுதான்.

எழுபத்து மூன்று சதவீதம்

பலன் எப்படி? 2025ல் லான்செட் ஹீமட்டாலஜி இதழில் விவரங்கள் வெளியாயின. சோதனையில் சேர்ந்தவர்கள் 64 பேர். எல்லோருமே மற்ற சிகிச்சைகள் கைவிட்டவர்கள் அல்லது நோய் திரும்பியவர்கள். பலனைக் கணக்கிட முடிந்த 51 பேரில் 73 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் முழுவதுமாகவோ பெருமளவோ பின்வாங்கியது. வேறு வழியில்லை என்று அனுப்பப்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்கு என்பது எந்த மருந்துக்கும் பெருமை தரும் கணக்கு.

அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நோய் மீண்டும் முன்னேறாமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு லூக்கேமியா நோயாளிகளுக்கு 6 மாதம், நிணநீர்ப் புற்றுநோயாளிகளுக்கு 4 மாதம். அதாவது பாதிப் பேருக்கு அந்தக் காலத்துக்குள் நோய் மறுபடியும் தலைகாட்டியது, அல்லது உயிர் போனது. வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய எல்லோருக்குமே ஆபத்தான அளவுக்குச் சரிந்தது. சிகிச்சையின் விளைவாகவே உயிரிழப்பும் நேர்ந்தது.

நோய் ஏன் திரும்புகிறது? புற்றுநோய் செல்களில் சில தம் மேலிருக்கும் சிடி19 அடையாளத்தையே கழற்றி எறிந்துவிட்டுத் தப்பிக்கின்றன. சிலருக்கு டி செல்கள் சில வாரங்களிலேயே ஓய்ந்துபோகின்றன. பலமுறை கீமோதெரபி வாங்கி நொந்த உடலிலிருந்து எடுக்கும் டி செல்களுக்கு ஆரம்பத்திலேயே தெம்பு இருப்பதில்லை. கடைசிப் புகலிடமாக வருபவர்களுக்குக் கடைசி அளவே பலன் கிடைக்கிறது. மேலை நாடுகளில் சில வகை நிணநீர்ப் புற்றுநோய்களுக்கு முதல் சிகிச்சை தோற்றவுடனேயே கார்-டி கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இந்தியாவில் பணம் புரட்டி முடிப்பதற்குள்ளேயே நோய் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுகிறது.

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் போகும் வரை நோயை அடக்கி வைக்கும் பாலமாகவும் டாக்டர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். அப்படியானால் குடும்பத்தின் தலையில் இரண்டாவது பெரிய செலவு விழுகிறது. ஆனால் சிலருக்கு ஒரே பை போதுமானதாகவும் இருக்கலாம். கார்ல் ஜூன் 2010ல் செல்களைச் செலுத்திய இருவரின் ரத்தத்தில் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த செல்கள் உயிரோடு காவல் காத்துக்கொண்டிருந்தன. மாத்திரை சில மணி நேரத்தில் கரைந்துவிடும். இது உயிருள்ள மருந்து. யாருக்கு எமிலியின் அதிர்ஷ்டம், யாருக்கு ஆறு மாதம் என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் பரிசோதனை இல்லை. வீட்டை விற்றுப் பணம் கட்டும் தகப்பனுக்கு டாக்டர் சொல்ல வேண்டிய கஷ்டமான செய்தி இது.

வேலூர் வழி

மும்பை மட்டும் ஓடவில்லை. பெங்களூரில் கிரண் மஜும்தார்-ஷாவும் புற்றுநோய் நிபுணரும் எழுத்தாளருமான சித்தார்த்த முகர்ஜியும் சேர்ந்து நிறுவிய இம்யூனீல், ஸ்பெயினின் பார்சிலோனா மருத்துவமனை ஒன்று உருவாக்கிய கார்-டி செல்லைக் கொண்டுவந்து இந்தியாவில் சோதித்தது. 2025 ஜனவரியில் க்வார்டெமி என்ற பெயரில், வயது வந்தோரின் நிணநீர்ப் புற்றுநோய்க்கு அது விற்பனைக்கு வந்தது.

வித்தியாசமான பாதையைத் தேர்ந்தெடுத்தது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. வங்காளமும் ஜார்க்கண்டும் வடகிழக்கும் ரயிலேறி வந்து குவியும் ஊர் அது. லாட்ஜுகளின் பெயர்ப் பலகையில் வங்காள எழுத்துகளைப் பார்க்கலாம். நோயாளியின் ரத்தத்தை எடுத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பி, காத்திருந்து, உறைந்த பையாகத் திரும்ப வாங்குவானேன், மருத்துவமனைக்குள்ளேயே தயாரித்தால் என்ன என்பது சி.எம்.சி.யின் கேள்வி. எல்லாப் பக்கமும் மூடப்பட்ட தானியங்கி இயந்திரம் ஒன்றுக்குள் செல்களைப் பிரிப்பது, ஜீன் ஏற்றுவது, பெருக்குவது எல்லாம் நடந்து முடிகிறது. சுமார் 9 நாளில் மருந்து தயார். வெளியே அனுப்பித் தயாரித்து வாங்கினால் பல வாரங்கள் ஆகும். வேகமாகப் பரவும் லூக்கேமியாவில் அந்த வாரங்களுக்குள்ளேயே கதை முடிந்துவிடுவது உண்டு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த இந்தச் சோதனைக்கு வெல்கார்ட் என்று பெயர். முடிவுகள் 2025ல் வெளியாயின. லூக்கேமியா நோயாளிகள் அனைவருக்கும், நிணநீர்ப் புற்றுநோயாளிகளில் பாதிப் பேருக்கும் நோய் முழுவதுமாக அடங்கியது. 15 மாதக் கண்காணிப்புக்குப் பிறகும் 80 சதவீதம் பேர் புற்றுநோய் இல்லாமல் இருந்தார்கள் என்றது கழகம். செலவு உலக விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஆனால் சோதிக்கப்பட்டவர்கள் ஒரு கைப்பிடி நோயாளிகள்தான். நூறு பேரிடம் இதே பலன் கிடைக்குமா என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

இருந்தாலும் வேலூரின் பாதைக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. ஒரே இடத்தில் பெரிய தொழிற்சாலை கட்டி நாடு முழுக்க விநியோகிப்பது மாத்திரைக்குச் சரி. ஒவ்வொரு பையும் ஒவ்வொரு ஆளுக்கு என்னும்போது உற்பத்தி பெருகினாலும் விலை அவ்வளவாகக் குறையாது. மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்யும் அரசு மருத்துவமனைகள் தாங்களே தயாரிக்கக் கற்றுக்கொண்டால் கம்பெனியின் லாபம், போக்குவரத்து, உறைய வைக்கும் செலவு எல்லாம் மிச்சம். சுத்தமான ஆய்வுக்கூடம், பயிற்சி பெற்ற ஆட்கள், கண்டிப்பான தரக் கட்டுப்பாடு ஆகியவை வேண்டும். ஒரு கிருமி புகுந்தாலும் எதிர்ப்புச் சக்தி இல்லாத நோயாளிக்கு அது எமன்.

எட்டாத இடங்கள்

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வருகிறது. அதில் முன்னணியில் நிற்பவை மார்பகம், வாய், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்கள். இவை எதற்கும் இன்றைய கார்-டி சிகிச்சை உதவாது. கட்டியாக வளரும் புற்றுநோயில் சிடி19 போன்ற வசதியான அடையாளம் கிடைப்பதில்லை. குறி வைக்கும் புரதம் நுரையீரலிலோ குடலிலோ கொஞ்சம் இருந்தாலும் டி செல்கள் அங்கேயும் பாயும். கட்டியின் உள்ளே ஆக்சிஜன் குறைவு. வந்து சேரும் டி செல்களை மயக்கிச் செயலிழக்க வைக்கும் ரசாயனங்கள் அதிகம்.

பக்கவாட்டில் சில கதவுகள் திறந்திருக்கின்றன. கட்டிக்குள் ஏற்கெனவே புகுந்து நிற்கும் டி செல்களை வெளியே எடுத்து, பெருக்கி, திரும்பச் செலுத்தும் முறைக்கு 2024 பிப்ரவரியில் அமெரிக்கா மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் அனுமதி கொடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், சைனோவியல் சர்கோமா என்ற அரிய கட்டிக்கு, ஜீன் மாற்றிய டி செல் மருந்து ஒன்று அனுமதி பெற்றது. ரத்தத்தை வெளியே எடுக்காமல் ஊசி மூலம் உடலுக்குள்ளேயே டி செல்களை மாற்றிவிடும் முயற்சிகளும் நடக்கின்றன. அது பலித்தால் ஆளுக்கொரு பை என்ற கதையே மாறும். இப்போதைக்கு அது ஆரம்பப் பள்ளியில்தான் இருக்கிறது.

எச்சரிக்கையும் உண்டு. கார்-டி பெற்ற சிலருக்கு டி செல்லிலேயே புதிதாகப் புற்றுநோய் தோன்றியதைத் தொடர்ந்து, 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்து நிர்வாகம் எல்லா கார்-டி மருந்துகளின் உறையிலும் கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. அது மிக அரிது என்பதால் சிகிச்சையை நிறுத்தவில்லை. ஆனால் செல்களுக்குள் கைவைத்தால் பல ஆண்டுகள் கண்காணித்தே ஆக வேண்டும் என்பது உறுதியானது. ஊர் போய்ச் சேர்ந்த நோயாளி மறுபடி பரிசோதனைக்கு வருவதே அபூர்வமாக இருக்கும் நாட்டில் இது தனிப் பிரச்சினை.

எல்லாவற்றுக்கும் மேல் நிற்பது பணம். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் காப்பீடு ரூ. 5 லட்சம். கார்-டி பையின் விலையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. மருந்தின் விலையோடு முடிவதும் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு, டோசிலிசுமாப், ரத்தம், கிருமிக்கொல்லிகள், மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே வாரக்கணக்கில் அறை வாடகை, கூட இருப்பவரின் வேலை இழப்பு என்று பட்டியல் நீள்கிறது. மக்கள் வரிப்பணத்தில் ஆராய்ச்சி நடந்து, அரசு மருத்துவமனை நோயாளிகள் உடலைக் கொடுத்துச் சோதித்த மருந்து அது. அது சந்தைக்கு வந்ததும் வாங்க முடிந்தவர்கள் வேறு ஆட்களாக இருப்பது நியாயமா என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நெக்ஸ்கார்19 முதலில் அனுமதி பெற்றதே 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத்தான். எமிலியின் வயதுக் குழந்தைகளுக்கான சோதனை தனியே நடக்க வேண்டியிருந்தது.

விலை மேலும் இறங்குமா? வைரஸ், போஷாக்குத் திரவம், பைகள், குழாய்கள் என்று இன்னும் வெளிநாட்டிலிருந்து வரும் பொருட்கள் உள்நாட்டில் கிடைத்தால் இறங்கும். போட்டி பெருகினால் இறங்கும். வேலூர் வழியை மற்ற மருத்துவமனைகளும் பின்பற்றினால் வேகமாக இறங்கும். ஒரு காலத்தில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையும் வெளிநாடு போகிறவர்களுக்கு மட்டும் என்றுதான் இருந்தது. இந்தியாவில் 1983ல் டாட்டா மருத்துவமனை அதைத் தொடங்கியது. இன்று பல நகரங்களில், அரசு மருத்துவமனைகளில்கூட நடக்கிறது. வழி தெரியாமல் இல்லை. எத்தனை ஆண்டு என்பதே கேள்வி. லூக்கேமியா திரும்பி வந்தவருக்கு ஆண்டுக் கணக்கு உதவாது.

விஞ்ஞானம் தன் பங்கை ஏறக்குறைய முடித்துவிட்டது. எதிரியை அடையாளம் தெரியாமல் நின்ற டி செல்லுக்கு மும்பையிலும் வேலூரிலும் அடையாளம் காட்டிவிட்டார்கள். பரேல் நடைபாதையில் காத்திருப்பவர்களை அடையாளம் காண வேண்டியது அரசாங்கத்தின் வேலை. அதுவரை, நைட்ரஜன் புகையோடு வார்டுக்குள் வரும் ஒவ்வொரு பையின் மேலும் எழுதப்படும் பெயர் ரூ. 30 லட்சம் புரட்ட முடிந்த ஒருவருடையதாகவே இருக்கும்.